மாத்திரைக் கணக்கும் இரத்தக் கணக்கும்

கர்ப்பிணிப் பெண்ணின் கையிலுள்ள தாய் சேய் நல அட்டையைப் பிரித்துப் பார்த்தால், இரும்புச்சத்து மாத்திரை எத்தனை வழங்கப்பட்டது என்பது ஓரிடத்திலும், ஹீமோகுளோபின் எத்தனை கிராம் என்பது மற்றோரிடத்திலும் எழுதப்பட்டிருக்கும். முன்னதை எழுதுவதில் நமது சுகாதாரத் துறை காட்டும் சிரத்தையை யாரும் குறை சொல்ல இயலாது. மாத்திரை வந்ததும் வழங்கியதும் பதிவேட்டில் ஏறி, பதிவேட்டிலிருந்து கணினியில் ஏறி, அங்கிருந்து தலைநகர் சென்று அறிக்கையாகிவிடுகின்றன. ஆனால் முன்னதைப் பின்னதோடு பொருத்திப் பார்த்து, இத்தனை மாத்திரை வாங்கிச் சென்ற இந்தப் பெண்ணுக்கு ஏன் இரத்தம் அரை கிராம்கூட ஏறவில்லை என்று விசாரிக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை என்பதும், விசாரிக்கும் சிலரும் அக்கேள்வியை அந்தப் பெண்ணின்மேலேயே கண்டனமாகத் திருப்பிவிடுகிறார்கள் என்பதும் என் அபிப்பிராயம். வழங்கிய மாத்திரையை எண்ணுவதோடு கர்ப்பகால இரத்த சோகையின் சிகிச்சை முடிந்துவிடுமானால், அந்நோய் இந்நாட்டை விட்டுப் போய் அரை நூற்றாண்டாவது ஆகியிருக்க வேண்டும். தேசிய அளவில் இம்மாத்திரையைக் கர்ப்பிணிகளுக்கு வழங்கும் திட்டம் 1970ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது.

தமிழ்நாட்டின் நிலை இவ்விஷயத்தில் விசித்திரமானது. 2019–21இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி இங்கே நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் மருத்துவமனைகளிலேயே நிகழ்கின்றன. இந்தியாவின் பெரிய மாநிலங்கள் பல பொறாமை கொள்ளத்தக்க எண் இது. அதே ஆய்வு, இதே மாநிலத்துக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதத்தினர் இரத்த சோகையுடையவர்கள் என்றும், அதற்கு முந்தைய 2015–16 ஆய்வில் அது 44.4 சதவீதமாக இருந்ததென்றும் கூறுகிறது. தேசம் முழுவதற்கும் அவ்வெண் 50.4இலிருந்து 52.2 ஆயிற்று. விரல் நுனி இரத்தத்தைச் சிறு கருவியிலிட்டு அளக்கும் முறையின் துல்லியம் பற்றி ஐயம் எழுப்பும் நிபுணர்கள் உண்டு. அவர்கள் வாதத்தில் நியாயமும் உண்டு. எனினும், அதற்கென்று தாராளமாகவே கழித்துக்கொண்டாலும், மிஞ்சுவது நாம் பெருமைப்பட்டுக்கொள்ளும் எண்ணாக இராது. மருத்துவமனையின் வாசல் வரை எல்லாப் பெண்களையும் அழைத்துவரத் தெரிந்த ஒரு சமூகம், அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரை வெளிறிய நகக்கண்களோடு பிரசவ அறைக்குள் அனுப்புகிறது.

கர்ப்பகாலத்தில் இரத்தம் குறைவது இயற்கைதானே என்று ஆறுதல் கொள்பவர்கள் படித்தவர்களிலும் இருக்கிறார்கள். அதில் பாதி உண்மை. தாயின் தேகத்தில் இரத்தத்தின் திரவப் பகுதி ஏறத்தாழப் பாதியளவு பெருகும்போது, சிவப்பணுக்கள் அவ்வளவு வேகமாகப் பெருகாமையால், ஹீமோகுளோபின் சற்றே தணிவது இயல்புதான். அந்தத் தணிவையும் கணக்கில் கொண்டே, மற்ற ஸ்திரீகளுக்கு 12 கிராம் என்று வைத்த எல்லையை உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிகளுக்கு 11 என்றும், கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்களில் 10.5 என்றும் இறக்கியிருக்கிறது. ஆகவே அந்த எல்லைக்குக் கீழே போன இரத்தத்தை இயற்கையின் தலையில் கட்ட இடமில்லை. 10 முதல் அந்த எல்லைக்குள் இருப்பது லேசான சோகை. 7 முதல் 10க்குள் இருப்பது நடுத்தரம். 7க்குக் கீழே இறங்கினால் கடுமை.

கர்ப்பம் முழுவதற்கும் ஒரு பெண்ணுக்கு வேண்டிய இரும்பு ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் என்று மருத்துவ நூல்கள் கணக்கிட்டிருக்கின்றன. சிசுவும் நஞ்சுக்கொடியும் அதில் 300ஐ எடுத்துக்கொள்கின்றன. தாயின் சிவப்பணுப் பெருக்கத்துக்கு 500 செலவாகிறது. தேகத்திலிருந்து அன்றாடம் கழிவது 200. கூட்டிப் பார்த்தால் ஒரு கிராம், அதாவது சுவரில் காலண்டர் மாட்டும் சிறு ஆணி ஒன்றின் எடை. அந்த அற்ப இரும்பைப் பத்து மாதத்தில் ஓர் உடலுக்குள் செலுத்துவதற்கா இத்தனை திட்டங்களும் இத்தனை அறிக்கைகளும் என்று கேட்கத் தோன்றும். கடைசி மாதங்களில் நாளொன்றுக்கு 6, 7 மில்லிகிராம் இரும்பு குடலிலிருந்து இரத்தத்தில் சேர்ந்தாக வேண்டியிருக்க, சோறும் சாம்பாரும் கறியுமாக நாம் உண்ணும் உணவிலிருந்து அநேகமாக ஒன்றிரண்டு மில்லிகிராமுக்கு மேல் சேர்வதில்லை என்பதுதான் அதற்கு விடை. மீதியைச் சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டும். மாதவிலக்கில் மாதந்தோறும் இரத்தம் இழந்து, பதினெட்டிலோ இருபதிலோ மணமாகி, முதற் குழந்தை பிறந்து ஆண்டு நிறைவதற்குள் மறுபடி கருவுற்ற பெண்ணிடம் சேமிப்பு என்ற ஒன்று இருந்தால்தானே!

சோகையுள்ள தாய்க்கு வரும் ஆபத்து நாள்தோறும் கண்ணுக்குத் தெரியாது. மாடியேறினால் மூச்சு வாங்கும், உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது, சிலருக்கு அடுப்புச் சாம்பலும் செம்மண்ணும் பச்சரிசியும் தின்னத் தோன்றும். இந்தக் கடைசி ஆசையை மசக்கையின் விளையாட்டென்று சிரித்துத் தள்ளும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. இரும்புக் குறைவோடு அதற்குள்ள சம்பந்தத்தை மருத்துவர்கள் நெடுங்காலமாகவே அறிவார்கள். பிரசவத்தன்றுதான் கணக்குத் தீர்க்கப்படுகிறது. 12 கிராம் இரத்தத்தோடு வந்தவள் அரை லிட்டர் இழந்தாலும் தாங்கிக்கொள்வாள்; 6 கிராமோடு வந்தவளுக்கு அதே இழப்பு இருதயத்தைத் தளரச் செய்து உயிருக்கே கேடாகக்கூடும். சிசுவும் தப்புவதில்லை. மாதம் நிறையுமுன் பிறப்பதும், எடை குறைந்து பிறப்பதும், தாயிடமிருந்து இரும்புச் சேமிப்புக் குறைவாகப் பெற்று வந்து தன் பங்குக்கு அதுவும் சோகையாவதும் சாதாரணமாகக் காணப்படுபவை.

இரும்பை ஔஷதமாகக் கொடுக்கும் ஞானம் புதியதன்று. 1832இல் பிரெஞ்சு மருத்துவர் பியேர் பிளோ இரும்புக் கந்தகையோடு காரமொன்றைச் சேர்த்துருட்டிய மாத்திரையை வெளிறிய இளம்பெண்களுக்குக் கொடுத்துப் புகழ் பெற்றார்; அதே உப்பை அன்னபேதி என்ற பெயரில் நம் சித்த மருத்துவர்கள் அறிந்து, பாண்டுவுக்கும் சோகைக்கும் செந்தூரமாக்கிக் கொடுத்துவந்தார்கள். (கர்ப்பிணிகள் செந்தூரங்களைத் தாமே கடையில் வாங்கி உண்பது தகாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.) இன்று சர்க்கார் இலவசமாக வழங்கும் சிவப்பு மாத்திரையிலும் அன்னபேதியின் சுத்தமான வடிவமே இருக்கிறது. ஒரு மாத்திரையில் இரும்பு 60 மில்லிகிராம். அதோடு ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம். இரண்டாவதாகச் சொன்ன இப்பொருள் அந்த மாத்திரைக்குள் வந்து சேர்ந்த சரித்திரத்தை நம் மருத்துவமனைகளில் சுவரொட்டியாக எழுதி மாட்டலாம்.

லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்து, அந்நகரத்து நெசவாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களிடையே கர்ப்பகாலத்தில் கண்ட கடுஞ்சோகையை ஆராயத் தொடங்கினார். இரும்பு கொடுத்தும் அவர்களில் பலருக்கு இரத்தம் ஏறவில்லை. இந்நாட்டுப் பெண்கள் மருந்தைச் சரியாகச் சாப்பிடமாட்டார்கள் என்று எழுதிவைத்துவிட்டுக் கப்பலேறியிருக்கலாம். அக்காலத்தில் அப்படி எழுதியிருந்தால் லண்டனில் யாரும் மறுத்திருக்கமாட்டார்கள். அவரோ, மருந்து ஒன்றுதானா தேவை, இவர்கள் சாப்பாட்டில் என்ன குறைகிறது என்று பார்க்கப் புகுந்தார். 1929இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்துக்கு, ராபர்ட் மக்காரிசன் போஷாக்கு ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்த இடத்துக்கு, தம் வேலையைக் கொண்டுவந்தார். 1931இல் சென்னையில், இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்று வழங்கும் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் பணிபுரிந்தார். எலிகளிலும் குரங்குகளிலும் சோதித்து, கடைசியில் ஈஸ்ட்டிலிருந்து செய்யும் ‘மார்மைட்’ என்ற மலிவான சாறு அந்தச் சோகையைத் தீர்ப்பதைக் கண்டு 1931இல் வெளியிட்டார். அச்சாற்றிலிருந்து குணம் தந்த பொருள் ஃபோலிக் அமிலம் என்பது பின்னால் தெளிவாயிற்று. இரத்தம் ஏறாதபோது ஏன் ஏறவில்லை என்று கேட்ட ஒரு மனுஷியின் பிடிவாதத்தை நம் கர்ப்பிணிகள் நாள்தோறும் விழுங்குகிறார்கள். அந்தக் கேள்வியைத்தான் நாம் தொலைத்துவிட்டோம்.

கேட்கத் துணிந்தால் விடைகள் வெகு அருகிலேயே கிடைக்கும். மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது, நாக்கில் துரு ருசி தங்குகிறது, மலச்சிக்கல் உண்டாகிறது, மலம் கறுத்துப் போவதைக் கண்ட பெண், முன்கூட்டி யாரும் சொல்லாமையால், குடலுக்குள் ஏதோ கெட்டுவிட்டதென்று அஞ்சி நிறுத்திவிடுகிறாள். குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று மாமியார் சொல்கிறாள். குழந்தை பெருத்துப்போய்ச் சுகப்பிரசவம் ஆகாது என்று அடுத்த வீட்டுக்காரி சொல்கிறாள். குழந்தை சிவப்பாகப் பிறக்க ஆயிரக்கணக்கில் கொடுத்துக் குங்குமப்பூ வாங்கிப் பாலில் போடும் வீட்டில், காசில்லாமல் வந்த சிவப்பு மாத்திரை அலமாரித் தட்டில் சர்க்கரை உருகிப் பிசுபிசுத்துக் கிடப்பதை நர்சம்மாக்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். நாட்டில் 180 நாள் மாத்திரை உண்டதாகச் சொன்ன தாய்மார் 26 சதவீதமே என்று முன்சொன்ன தேசிய ஆய்வு காட்டுவதில் வியப்பில்லை.

உண்பவர்களுக்கும் முழுப் பலன் கிட்டுவதில்லை. அதற்குக் காரணம் நாம் அவர்களுக்குச் சொல்லாமல் விட்ட சில சிறிய விஷயங்கள். சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் ஒரே உறையில் கைக்கு வருவதால் இரண்டையும் சேர்த்தே வாயில் போட்டுக்கொள்வது அவர்களுக்கு இயற்கையாகத் தோன்றுகிறது. ஆனால் முன்னது பின்னதை உடலில் சேரவிடாது, இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது வேண்டும். சாப்பிட்ட கையோடு காபியோ டீயோ குடிக்கும் நம் வழக்கமும் இரும்பின் சத்துரு. அவற்றின் துவர்ப்பு இரும்பைப் பற்றிக்கொண்டு குடல் வழியே வெளியேற்றிவிடும். எலுமிச்சை, நெல்லி, கொய்யா இவற்றின் புளிப்புச் சத்தோ அதை உள்ளே சேர்க்கும். ஆகவே, வெறும் வயிற்றில் தாங்குபவள் அப்படியும், குமட்டுபவள் இராச்சாப்பாடு முடிந்து ஒன்றிரண்டு மணி கழித்துப் படுக்கப்போகும் வேளையிலும், ஒரு டம்ளர் எலுமிச்சைச் சாறோடு மாத்திரையை விழுங்கலாம். மலம் கறுத்தால் மருந்து உள்ளே போயிருக்கிறது என்று பொருள், பயம் வேண்டாம். இவ்வளவையும் சொல்ல மூன்று நிமிஷம் போதும். நூறு கர்ப்பிணிகள் வரிசையில் நிற்கும் சிகிச்சை நாளில் அந்த மூன்று நிமிஷம் எங்கிருந்து கிடைக்கும் என்று செவிலியர் கேட்டால் அது நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் பணியிடங்களை நிரப்பும் அதிகாரம் படைத்தவர்கள்.

நிறையக் கொடுத்தால் நிறைய ஏறும் என்ற எண்ணத்தையும் விஞ்ஞானம் சற்றே அசைத்திருக்கிறது. ஒரு வேளை இரும்பு உள்ளே போனதும் ஈரல் ஹெப்சிடின் என்ற சுரப்பை மிகுவித்து, அடுத்த வேளை இரும்பை ஒரு நாள் வரையில் உள்ளே விடாமல் தடுக்கிறதென்றும், இரும்புக் குறைந்த பெண்களிடம் ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்த மாத்திரையிலிருந்து கூடுதல் பங்கு சேர்ந்ததென்றும் சூரிக் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2017இல் காட்டினார்கள். அவர்கள் சோதித்தவர்கள் கர்ப்பிணிகள் அல்லர். ஆகவே யாரும் தாமாகவே மாத்திரையைக் குறைத்துவிடக் கூடாது. ஆனால் தினம் இரண்டு மாத்திரையைத் தாங்கமாட்டாமல் அடியோடு நிறுத்தப்போகும் ஒருத்திக்கு, மருத்துவர் அளவைக் குறைத்தோ வேளையை மாற்றியோ தொடரச் செய்வது தோல்வியாகாது.

உணவைப் பற்றியும் ஓரிரு வார்த்தை. மாதுளை, பீட்ரூட், பேரீச்சை என்று சிவந்ததையும் கறுத்ததையும் தேடிக் கொடுத்தால் இரத்தம் ஊறும் என்பது நம் ஜனங்களின் அசையாத நம்பிக்கை. நூறு கிராம் மாதுளையில் அரை மில்லிகிராம் இரும்புகூடக் கிடையாது. பேரீச்சையில் சுமார் ஒரு மில்லிகிராம். கிடைப்பதிலும் சிறு பங்கே உடலில் சேரும். பழம் நல்லதுதான், விலையைத் தாங்கக்கூடியவர்கள் உண்ணட்டும், ஆனால் எட்டு கிராம் இரத்தத்தைப் பதினொன்றாக்கும் சக்தி அதற்கில்லை. இதற்கு மாறாக, ஆட்டின் மண்ணீரலைச் சுவரொட்டி என்று சொல்லி, வாரம் ஒருமுறை கறிக்கடையில் சொல்லிவைத்து வாங்கி, மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வதக்கிக் கொடுத்த நம் பாட்டிமாரின் வைத்தியத்தில் சாரம் இருந்தது. அவ்வளவு இரும்பு செறிந்த மாமிசம் வேறு அதிகமில்லை, மாமிசத்து இரும்பு தாவரத்து இரும்பைவிடப் பன்மடங்கு எளிதாகச் சேரும். மாமிசம் உண்ணாதவர்கள் முருங்கைக்கீரையும் கேழ்வரகும் பயறும் உண்டு, பக்கத்தில் எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம். அவர்களுக்கு பி12 குறைவும் சேர்ந்திருக்கக்கூடும் என்பதை மருத்துவர் மறக்கலாகாது. எது எப்படியாயினும், வீட்டில் எல்லோரும் உண்டு எழுந்தபின் சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்துச் சாப்பிடுபவளுக்கு எந்த உணவுப் பட்டியலும் பயன்படாது.

வயிற்றுப் புழுவையும் சொல்லாமல் விட முடியாது. கொக்கிப்புழு குடற்சுவரைக் கவ்வி நாள்தோறும் இரத்தம் உறிஞ்சுவது. வெறுங்காலோடு ஈரமண்ணில் நடப்பவர்களின் பாதத்தோல் வழியே உள்ளே நுழைவது. நம் ஊர்களிலிருந்து கப்பலேற்றி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்ட கூலித் தமிழர்கள் வெளிறிப்போய்ச் சுருண்டு கிடந்ததைச் சோம்பல் என்று துரைமார் நினைத்துக்கொண்டிருக்க, 1916இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அங்கே கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபின்தான் சோம்பலின் காரணம் பலருக்குப் புலப்பட்டது. இன்று முதல் மூன்று மாதம் கழிந்தபின் கர்ப்பிணிக்கு ஒரே ஒரு அல்பெண்டசோல் மாத்திரை, 400 மில்லிகிராம், கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. கொல்லைக்குப் போகும்போது காலில் செருப்பு வேண்டும் என்பதை யாராவது சொல்கிறார்களோ, தெரியவில்லை.

இனி, இக்கட்டுரையின் முக்கிய விஷயத்துக்கு வருகிறேன். லேசான, நடுத்தரச் சோகைக்கு நாளொன்றுக்கு இரண்டு மாத்திரை கொடுத்து, ஒரு மாதத்தில் இரத்தம் குறைந்தது ஒரு கிராமாவது ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏறாவிட்டால் அடுத்த சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும் என்பது 2018இல் தொடங்கிய சோகையற்ற இந்தியா திட்டத்தின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. எழுதியிருப்பதை நாம் செய்வதில்லை. நாலாம் மாதத்தில் ‘எட்டு பாயிண்ட்’ என்று சொல்லி மாத்திரை கொடுக்கிறோம். ஐந்தாம் மாதம் எட்டே கால். ஆறாம் மாதம் எட்டு. ‘மாத்திரையை ஒழுங்காப் போடும்மா’ என்று அதட்டி மறுபடி மாத்திரையே கொடுக்கிறோம். எட்டாம் மாதத்தில் ஏழரையானதும் திடீரென்று அவசரம் பிடித்து, இரத்தம் ஏற்ற வேண்டும், கணவன் வரட்டும், இரத்தம் கொடுக்க ஆள் வரட்டும் என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டுகிறோம். ஐந்தாம் மாதத்திலேயே அந்தப் பெண் மாத்திரையைத் தாங்கவில்லை என்பதோ, அவள் குடல் அதை ஏற்கவில்லை என்பதோ, அவளுக்குத் தலசீமியாக் கூறு இருந்து இரும்பே தேவையில்லை என்பதோ தெரிந்திருக்கக்கூடும். ஒரு பரிசோதனை, ஒரு கேள்வி, அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

இரத்தக் குழாய் வழியே செலுத்தும் இரும்பு அப்படிப்பட்டவர்களுக்கு நல்ல உபாயம். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் அதைத் தருவதில்லை. அதற்குப் பின் தாராளமாகத் தரலாம். இரும்பு சுக்ரோஸ் ஊசியை ஆரம்ப சுகாதார நிலையம் வரை கொண்டுவந்து கர்ப்பிணிகளுக்கு ஏற்றும் பழக்கம் தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக உண்டு; இது போற்றத்தக்க காரியம். ஆனால் இதிலும் கணக்கைப் பார்ப்போம். 50 கிலோ எடையும் 8 கிராம் இரத்தமும் உள்ள ஒருத்தியை 11க்குக் கொண்டுவர, எடையை இரத்தப் பற்றாக்குறையாலும் 2.4 என்ற எண்ணாலும் பெருக்கிச் சேமிப்புக்கென்று 500ஐக் கூட்டும் வழக்கமான வாய்ப்பாட்டின்படி, 860 மில்லிகிராம் இரும்பு வேண்டும். சுக்ரோஸ் ஊசியில் ஒரு தடவைக்கு 200 மில்லிகிராம்தான் தரலாம். அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். ஆக ஐந்து நடை. ஐந்து நாள் கூலி போகும். மூத்த குழந்தையை ஐந்து நாள் யாரிடமாவது விட வேண்டும். ஐந்து நாள் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். மூன்றாவது நடையோடு அவள் நின்றுவிட்டால், பதிவேட்டில் ‘வரவில்லை’ என்று எழுதிக் குற்றத்தை அவள்மேல் சாத்துவது சுலபம்.

ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்ற மற்றொரு மருந்து இருக்கிறது. அதில் 1,000 மில்லிகிராம் வரை ஒரே தடவையில், கால்மணி நேரத்தில் ஏற்றிவிடலாம். அரைமணி நேரம் படுக்கவைத்து, ஒவ்வாமை ஏதும் தோன்றுகிறதா என்று பார்த்து அனுப்பிவிடலாம். விலை கூடுதல்தான். ஆனால் மருந்தின் விலையை மட்டும் பார்த்து, அவள் இழக்கும் கூலியையும் வண்டிச் சத்தத்தையும், பாதியில் நின்றுபோகும் சிகிச்சையின் நஷ்டத்தையும், கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஏற்றப்போகும் இரண்டு பாட்டில் இரத்தத்தின் செலவையும் கணக்கில் சேர்க்காமல் விடுவது சிக்கனமாகாது. மாத்திரையால் ஒரு மாதத்தில் இரத்தம் ஏறாத பெண்களுக்கும், ஏழாம் மாதத்துக்கு மேல் சோகையோடு முதன்முறையாக வருபவர்களுக்கும் அந்த ஒரே தடவை ஊசியை எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கோரிக்கை. இரத்தம் 7க்குக் கீழே இறங்கியவர்களைப் பெரிய மருத்துவமனைக்கே அனுப்ப வேண்டும். 5க்கும் கீழே போனவர்களை எந்த மாதமானாலும் உடனே படுக்கையில் சேர்த்தாக வேண்டும். அதில் இரண்டாம் அபிப்பிராயம் இல்லை.

நம் சர்க்கார் கர்ப்பிணிகளுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நன்றிகெட்ட பேச்சு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் மகப்பேற்று உதவித்தொகை தவணை தவணையாகக் கிடைக்கிறது. சத்துமாவும் நெய்யும் பேரீச்சையும் இரும்பு டானிக்கும் அடங்கிய ஊட்டச்சத்துப் பெட்டகம் கிடைக்கிறது. அங்கன்வாடிகள் சேர்ந்து நடத்தும் சமுதாய வளைகாப்பில், ஏழை வீட்டுப் பெண்ணும் பட்டு மாலையும் சந்தனமும் பெற்று, கை நிறைய வளையலோடு ஐந்து வகைச் சாதம் உண்டு திரும்புகிறாள். இந்த வளைகாப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். ஒரு வட்டாரத்துக் கர்ப்பிணிகள் அத்தனை பேரும், அவர்களோடு மாமியாரும் தாயாரும் கணவனும், ஒரே பந்தலில் வேறு எந்த நாளில் உட்கார்ந்திருக்கப் போகிறார்கள்? வளையல் அடுக்கிய அதே கையில் ஒரு விரலைக் குத்தி இரத்தம் பார்த்து, போன மாதத்து எண்ணோடு ஒப்பிட்டு, ஏறாதவர்களைத் தனியே உட்காரவைத்து ஏனென்று கேட்பதற்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. குழந்தை கறுக்கும் என்று சொன்ன மாமியாரும் அங்கேயே இருப்பாள், அவளுக்கும் சொல்லிவிடலாம்.

பிரசவ அறையில் செய்ய வேண்டியது ஒன்றுதான், அதற்குச் செலவே இல்லை. குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடியை உடனே வெட்டாமல், ஒன்று முதல் மூன்று நிமிஷம் வரை பொறுத்தால், நஞ்சிலிருக்கும் இரத்தம் குழந்தைக்குள் பாய்ந்து, ஆறு மாதம் வரைக்கும் அதன் இரும்பு இருப்பை வலுப்படுத்துகிறது. தாய்க்கோ சிசுவுக்கோ உடனடிச் சிகிச்சை வேண்டியிருந்தாலொழிய இந்தப் பொறுமையைக் கைவிடக் காரணமில்லை.

அதற்குப் பிறகு தாயை மறந்துவிடுகிறோம். கர்ப்பத்தில் 180 நாள் உண்ட மாத்திரையைப் பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள் உண்ண வேண்டும் என்பது விதி. நடப்பதோ, பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்ற பெயரில் கீரை நிறுத்தப்படுகிறது, எலுமிச்சை குளிர்ச்சி என்று விலக்கப்படுகிறது, மாத்திரை சூடு என்று ஒதுக்கப்படுகிறது. இரத்தம் இழந்தவள் இழந்தபடியே பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள், அடுத்த கர்ப்பத்துக்கு இன்னும் ஒரு கிராம் குறைந்த இரத்தத்தோடு வந்து சேர்கிறாள். அவளைத் தேடி யாரும் வீடு வீடாக அலையவும் வேண்டியதில்லை. குழந்தைக்கு ஒன்றரை மாத ஊசி, இரண்டரை மாத ஊசி, மூன்றரை மாத ஊசி என்று அவளே தவறாமல் கூட்டிவருகிறாள். அந்த ஊசிகளுக்கு வராத தாய் இம்மாநிலத்தில் அபூர்வம். குழந்தையின் தொடையில் ஊசி போட்டு முடித்ததும், அதை மடியில் வைத்துச் சமாதானப்படுத்திக்கொண்டிருக்கும் தாயின் விரலிலும் ஒரு குத்து குத்தி, குழந்தையின் தடுப்பூசி அட்டையிலேயே தாயின் இரத்தம் எவ்வளவு என்று ஒரு வரி சேர்த்து எழுத, சுகாதாரத் துறை ஓர் உத்தரவு போட்டால் போதும்.